ஐந்து பைசாக் குளிர்ச்சி

செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. ஆதலால் அவ்வூர்களில் தெரு என்பது பெரும்பாலும் இரண்டு பக்கமும் மதிலும் சாத்திய கதவுமாகவே இருக்கும். சித்திரை மாதத்து நண்பகலில், அத்தகைய தெரு ஒன்றில், காக்கையும் கரையாமல் வேப்ப நிழலில் ஒடுங்கியிருக்க, வீட்டுக்குள் பட்டாலை மேடையிலே பெரியவர்கள் பகல் தூக்கத்தில் ஆழ்ந்திருக்க, இரண்டு தெருக்களுக்கு அப்பாலிருந்து ஒரு மரப்பெட்டியின் மூடியைத் தூக்கித் தூக்கி அந்தப் பெட்டியின்மேலேயே தட்டும் ‘டப், டப், டப்’ என்ற ஓசை ஒரே சீராகக் கேட்குமானால், அதன் பொருளை ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் ஒரு காலத்தில் இருந்ததில்லை. ஐஸ்காரர் வந்துவிட்டார் என்பதுதான் அதன் பொருள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது தண்ணீர், சிறிது இனிப்பு, சிறிது நிறம், ஒரு குச்சி; இவ்வளவுதான். பால் ஐஸ் என்றால் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பாலும், சேமியா ஐஸ் என்றால் கொஞ்சம் வெந்த சேமியாவும் சேரும். இத்தனை எளிய வஸ்துவைப் பற்றி, கடல் கடந்து போய்ப் பொருள் ஈட்டித் திரும்பியவர்களும், பெரிய உத்தியோகங்களில் இருந்து ஓய்வு பெற்றவர்களும், சர்க்கரை வியாதியின் நிமித்தமாக எவ்வித இனிப்பையும் தொடக்கூடாதென்று வைத்தியரால் விலக்கப்பட்டவர்களுங்கூட, பேச்சுவாக்கில் ஒரு முறை பெயர் அடிபட்டுவிட்டால் அரை நாழிகைக்குக் குறையாமல் பேசுகிறார்கள் என்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். சினிமாக் கொட்டகையைப் பற்றியோ, பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பேசும்போது இவர்களுக்குள் அபிப்பிராய பேதம் வரும். குச்சி ஐஸைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை. இந்த அபிமானம் எதன்மேல் உள்ளது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விசாரணை.

பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. அது குச்சி ஐஸின்மேல் உள்ள பிரியம் அன்று, போய்விட்ட பால்யத்தின்மேல் உள்ள பிரியமே என்பார்கள். இந்தச் சமாதானம் சுலபமானது. ஆயினும் எனக்குத் திருப்தி அளிப்பதில்லை. பால்யத்தில் நாம் தின்ற பண்டங்கள் எத்தனையோ உண்டு. கமர்கட்டும், தேன்மிட்டாயும், இலந்தை வடையும், கடலை உருண்டையும் அதே வயதில், அதே கைகளால் வாங்கித் தின்றவையே. அவற்றையும் நினைக்கிறோம், ஆனால் அந்த நினைவில் இந்த ஏக்கம் இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு காரணம், ஒன்றுக்கு மாத்திரம் உள்ள விசேஷத்தை எப்படி விளக்கும்? ஆகையால் அந்த விசேஷத்தை அந்த வஸ்துவினிடத்திலேதான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், குளிர்ச்சி என்ற சொல்லுக்கு நம் நாட்டில் என்ன பொருள் என்பதைச் சற்று ஆராய வேண்டும். நம் முன்னோர்கள் குளிர்ச்சியைத் தொடு உணர்ச்சியால் அளந்தவர்கள் அல்லர், குணத்தால் அளந்தவர்கள். நீர்மோரும், பானகமும், நுங்கும், வெள்ளரியும், கம்பங்கூழும், நன்னாரியும் குளிர்ச்சி. அவை வாயில் படும்போது சில்லென்று இருக்க வேண்டுமென்பதில்லை, உடம்பில் போய்ச் சேர்ந்தபின் தணிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கின்படி ஐஸ் குளிர்ச்சியே அன்று. ‘ஐஸ் சூடு’ என்று சொல்லாத பாட்டி தமிழ்நாட்டில் இருந்திருக்க மாட்டாள். எங்கள் அப்பத்தா, நான் வாசலுக்கு ஓடும்போதெல்லாம், “அது சூடுடா, தொண்டை கட்டிக்கிரும், மோர் கரைச்சுத் தாரேன், குடி” என்று வளவு என்னும் உள்முற்றத்திலிருந்தே குரல் கொடுப்பார். மோர் குளிர்ச்சி என்பதை நான் மறுத்ததில்லை. ஆனால் மோர் ஒருபோதும் பல்லைக் கூச வைத்ததில்லை, நாக்கை ஒட்டிக்கொண்டதில்லை, வெயிலில் நிற்கிறவன் கையிலிருந்து வெண்புகை விட்டதில்லை. குணத்தால் அறியும் குளிர்ச்சி பெரியவர்களுக்குரியது. தொட்டு அறியும் குளிர்ச்சி அந்த நாட்டுக் குழந்தைகளுக்கு அந்தப் பெட்டி ஒன்றின் மூலமாகவே கிட்டியது.

இதன் அருமையை உணர வேண்டுமானால் அந்தப் பூமியை அறிந்திருக்க வேண்டும். காரைக்குடிச் சீமை ஜீவநதி இல்லாத சீமை. மழை பெய்தால் ஊருணி நிறையும். ஊருணி நிறைந்தால் ஊர் பிழைக்கும். வளவின் நான்கு புறத்து ஓட்டுத் தாழ்வாரங்களிலிருந்து வடியும் மழைநீரைப் பாத்திரங்களில் பிடித்துவைப்பதும், குடிக்கிற ஊருணியில் காலை நனைக்கக்கூடாதென்று கட்டுப்பாடு வைத்திருப்பதும், சம்பை ஊற்றின் தண்ணீர்ச் சுவையைப் பற்றிக் காரைக்குடிக்காரர்கள் பெருமை பேசுவதும் தண்ணீரின் அருமை தெரிந்த ஜனங்களின் லட்சணங்கள். வீடுகளையும் வெயிலுக்கு எதிராகவே கட்டினார்கள். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சு, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, பர்மாத் தேக்குத் தூண்கள், காற்றை இழுத்துக்கொள்ளும் நடுமுற்றம் ஆகிய எல்லாம் சேர்ந்து உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு நிழற்குளிர்ச்சியைக் கொடுத்தன. அந்த வீடுகளுக்கு வெளியே, பொட்டல் ஓரத்துக் குடிசைகளிலும் ஓட்டு வீடுகளிலும் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஐஸ்காரரின் பெட்டி இரண்டு வகை வாசல்களிலும் நின்றது. இரண்டு வகைக் குழந்தைகளுக்கும் அவர் எடுத்துக் கொடுத்தது ஒன்றே. இதை நான் சிறிய விஷயமாக எண்ணுவதில்லை.

ஐஸ் என்பது நெடுங்காலம் வரை அரச போகமாகவே இருந்தது. அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் வெடியுப்பைக் கரைத்து அதன் குளிரில் குடிநீரைச் சில்லிட வைத்ததையும், பாதுஷா லாகூரில் தங்கியிருந்தபோது மலைகளிலிருந்து பனிக்கட்டி வருவிக்கப்பட்டதையும் அபுல் ஃபசல் எழுதி வைத்திருக்கிறார். அதன்பின், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டூடர் என்பவர், தம் நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் நீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி, பூமத்திய ரேகையைக் கடந்து கொண்டுவந்து விற்கலாம் என்று துணிந்தார். 1833-இல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதற் கப்பலில் ஏறக்குறைய 180 டன் ஏற்றப்பட்டு, நான்கு மாதப் பிரயாணத்தில் கரைந்தது போக, சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அவருடைய சரக்கைச் சேமிக்க 1842-இல் எழும்பிய வட்டக் கட்டடமே ‘ஐஸ் ஹவுஸ்’. இயந்திரத்தால் ஐஸ் செய்யும் வித்தை வந்தபின் அந்த வியாபாரம் க்ஷீணித்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீலின் கைக்கு மாறி, 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கிய புண்ணியத்தால் இன்று விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. ஆனால் திருவல்லிக்கேணியில் வழி கேட்பவர்களுக்கு அந்த வட்டாரம் இன்றும் ஐஸ் ஹவுஸ்தான்.

அந்த ஐஸ் வெள்ளைக்கார துரைமாருக்கும் தனவந்தருக்குமே உரியதாக இருந்தது. குடியானவன் வீட்டுக் குழந்தை அதைக் கண்ணாலும் கண்டிருக்காது. அது கண்ட முதல் ஐஸ், அடுத்த நூற்றாண்டில், மின்சாரக் கம்பி சிற்றூர்ப் பக்கம் எட்டிப் பார்த்து, பக்கத்து டவுனில் ஐஸ் பாக்டரி ஒன்று ஏற்பட்ட பிறகு, சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியில் வந்ததுதான். குச்சியில் உறைந்த இனிப்பு நீருக்கு உரிமை கொண்டாடியவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிராங்க் எப்பர்சன். 1905-இல், பதினொரு வயதுச் சிறுவனாக, இனிப்பு நீர் இருந்த குவளையை, கலக்கிய குச்சியோடு வெளியே மறந்து வைத்துவிட்டு, விடிந்து பார்த்தபோது அது குச்சியோடு உறைந்திருக்கக் கண்டார் என்பது வரலாறு. 1924-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சிறுவனால் கண்டுபிடிக்கப்பட்ட பண்டம் உலகமெங்கும் சிறுவர்களிடமே போய்ச் சேர்ந்தது பொருத்தந்தான்.

தமிழ் வழங்கும் இடந்தோறும் அதற்கு ஒரு பெயர் ஏற்பட்டது. நாம் குச்சி ஐஸ் என்கிறோம். யாழ்ப்பாணத்தார் ‘ஐஸ்பழம்’ என்கிறார்கள். அந்தப் பெயரின் அழகை நான் எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். மரத்தில் காய்க்காத, கோடையில் மாத்திரம் கனிகிற, காம்பைப் பிடித்துக்கொண்டு தின்கிற ஒரு பழமாக அதைக் கண்டவர் யாரோ, அவர் பெயரிடுவதில் கவியே. அண்டை மலையாளத்தில் கோல் ஐஸ், ஆந்திரத்தில் புல்ல ஐஸ். இரண்டுக்கும் குச்சி என்பதே பொருள். செட்டிநாட்டார் தொழில் நிமித்தமாகப் போய் வாழ்ந்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீவிய ஐஸை உருண்டையாகப் பிடித்து, மேலே வண்ணப் பாகை ஊற்றிக் கையில் கொடுப்பார்கள். அதற்கு ஐஸ் பால் என்று பெயர், ஆங்கிலத்தில் உருண்டை என்ற பொருளில். அதை நினைத்து உருகும் சிங்கப்பூர் முதியவர்களும் நம் முதியவர்களும் ஒரே ஜாதி. மற்றும் நம் பாஷையில் ஐஸ் வேறொரு விதத்திலும் குடிபுகுந்துவிட்டது: முகஸ்துதி செய்கிறவனைப் பார்த்து ‘ஐஸ் வைக்காதே’ என்கிறோம். தலையில் குளிர வைத்தால் மனம் இளகிவிடும் என்பது வெயிற்காலத்து ஜனங்களுக்கே தோன்றக்கூடிய உவமை.

இனி அதைச் செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஏனெனில் அபிமானத்தின் காரணங்களிற் பல அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. ஐஸ் பாக்டரி என்பது அநேகமாக ஒரு தகரக் கொட்டகை. அதன் நடுவே உப்புநீர்த் தொட்டி. அம்மோனியா வாயு அழுத்தத்தால் திரவமாகி, மீண்டும் குழாய்களுக்குள் விரிந்து ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். குழாய்களைச் சூழ்ந்த உப்புநீர், உப்பின் காரணத்தால், தான் உறையாமலே சுத்த ஜலம் உறையும் நிலைக்குப் பல பாகை கீழே குளிர்ந்து நிற்கும். அந்த நீரில், வரிசை வரிசையாகக் குழிகள் உள்ள தகர அச்சுகளை, இனிப்பு நீரை ஊற்றிக் குச்சியைச் செருகி இறக்கி வைப்பார்கள். உறைந்ததும் எடுத்து, அச்சைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஒட்டு விட்டு ஐஸ் கழன்று வந்துவிடும். உப்புநீர் இரும்பை ஓயாமல் அரிப்பதால் தொட்டியும் அச்சும் அடிக்கடி பழுதுபடும்; ஐஸ் பாக்டரிக்காரரின் பாதிக் கவலை அது. உலோக அரிப்பை முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்றாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்து, இதே காரைக்குடியில் நிலைபெற்றிருப்பதை இந்த இடத்தில் நான் சந்தோஷத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

சேமியா ஐஸைத் தின்றவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும்: சேமியா முழுவதும் உச்சியிலேயே இருக்கும், குச்சிப் பக்கம் வரவர வெறும் ஐஸ்தான் மிஞ்சும். சேமியாவின் கனம் அதை அச்சின் அடியில் படிய வைக்கிறது. அச்சின் அடி, தலைகீழாக எடுத்துக் கையில் பிடிக்கும்போது, ஐஸின் தலை ஆகிவிடுகிறது. ஆகவே சுவையான பகுதி முதற்கடியிலேயே வந்துவிடும். ‘கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்’ என்று சேமித்து வைக்க அதில் இடமே இல்லை. சேமிப்பையே தர்மமாகக் கற்பித்த ஒரு நாட்டில், கணக்குப்பிள்ளையின் பேரனும் வட்டிக்கடைக்காரரின் மகனும், வைத்திருந்தால் இல்லாமற் போகும் ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிஷங்களை வேறு எந்தப் பண்டமும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. கடலை உருண்டையைப் பையில் போட்டு வைக்கலாம், தம்பிக்குப் பாதி கடித்துக் கொடுக்கலாம், நாளைக்கும் தின்னலாம். ஐஸை அப்பொழுதே, அந்த இடத்திலேயே, முழங்கை வரை வழியும் சாற்றை நக்கிக்கொண்டே தின்று தீர்க்க வேண்டும். அவ்வளவு முழுமையான கவனத்தை ஒரு பண்டத்துக்குச் செலுத்தியபடியாலேயே அது மனத்தில் அவ்வளவு ஆழப் பதிந்தது என்பது என் துணிபு.

இன்னொன்றும் உண்டு. குச்சி ஐஸைக் கடிக்காமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தால், ஊதாவோ ஆரஞ்சோ எதுவாயினும் அந்த நிறம் மெல்ல மெல்ல மறைந்து, கடைசியில் கண்ணாடி போல வெளுத்த, இனிப்பே இல்லாத ஐஸ் கையில் நிற்கும். இது ஏமாற்று என்று அந்த வயதில் நாங்கள் எண்ணியதுண்டு. அது ஏமாற்று அன்று, இயற்கையின் விதி. நீர் உறையும்போது தன்னோடு கலந்திருப்பவற்றைப் புறந்தள்ளிவிட்டுச் சுத்தமாகவே உறைய முயல்கிறது. தள்ளப்பட்ட இனிப்பும் நிறமும், ஐஸ் துகள்களின் இடுக்குகளில், அடர்ந்த பாகாகத் தேங்கி நிற்கின்றன. உறிஞ்சுகிற உதடு முதலில் அந்தப் பாகைத்தான் இழுத்துக்கொள்கிறது. பால் ஐஸ் இந்த மாயத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டாது. அதனாலேயே கிரேப் ஐஸ் வாங்கிய பையன்கள், யாருடையது முதலில் வெளுக்கிறது என்று பந்தயம் கட்டி, திண்ணை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து, பேச்சு மூச்சில்லாமல் உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். பின்பு ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டி நிறம் காட்டுவதோடு அந்த வைபவம் முடியும்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. அதற்குப் பின் ஐந்து பைசாவுக்கும் பத்துப் பைசாவுக்கும் குச்சி ஐஸ் வாங்கித் தின்ற தலைமுறைதான் இன்று அதைப் பற்றி அதிகம் பேசுகிறது. ஐந்து பைசா என்பது குழந்தையின் கையில் பெரியவர்கள் நம்பிக்கொடுத்த தொகை. துணியோ, புஸ்தகமோ, தின்பண்டப் பொட்டலமோ எல்லாவற்றையும் வீட்டில் மற்றவர்களே வாங்கினார்கள். ஐஸை மாத்திரம் குழந்தை தானே, தன் காசைக் கொடுத்து, தன் இஷ்டப்படி நிறத்தைத் தேர்ந்து, “எனக்குச் சேமியா நிறைய இருக்கிறதாப் பார்த்துக் குடுங்கண்ணே” என்று தானே வாதாடி வாங்கியது. ஐஸ்காரரும் அந்த வாடிக்கையாளரை மரியாதையாகவே நடத்தினார்; குனிந்து பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, ஒன்றை எடுத்துப் பார்த்து, வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து நீட்டுவார். காசில்லாதவர்களுக்கும் வழி இருந்தது. வேப்பமுத்துப் பொறுக்கிக் கடையில் எடை போட்டுக் காசாக்கியவர்களும், பழைய இரும்புத் துண்டையும் உடைந்த பாத்திரத்தையும் கொடுத்து ஐஸாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அந்தப் பண்டத்துக்காக உழைத்தவர்களின் ஞாபகம், சும்மா காசு வாங்கித் தின்றவர்களின் ஞாபகத்தைவிடக் கூர்மையாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாதவை ஆகிவிட்டன. சதுரமான அந்த ஐந்து பைசாவை இன்று யாரும் பையில் வைத்திருப்பதில்லை.

இவ்வளவும் புகழ்ந்தபின், எதிர்க்கட்சியாரின் வாதத்தை நேர்மையாகக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது வேறொன்றுமில்லை: அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்யப்பட்டது? இந்தக் கேள்விக்கு அபிமானிகள் சிரித்து மழுப்புவது நியாயமன்று. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடையே பரவலாக இருந்தது; அது தவறு. டைபாய்டு கிருமி ஐஸுக்குள் நெடுநாள் உயிரோடு இருக்க வல்லது. கெட்ட தண்ணீரை உறைய வைத்தால் கிடைப்பது கெட்ட ஐஸ்தான். கோடை விடுமுறையில் மஞ்சட்காமாலையும் விஷஜுரமும் கண்டு படுத்த குழந்தைகள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். நானே ஒரு வைகாசி முழுவதும் கஞ்சியோடு கிடந்தவன். காரணம் ஐஸ்தானா என்று நிச்சயிக்க இயலாது. ஐஸ் அன்று என்று நிச்சயிக்கவும் இயலாது. நிறத்தின் விஷயமும் அப்படியே. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் ரோடமின்-பி என்ற சாயம் பஞ்சுமிட்டாயில் கலந்திருந்தது கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையையே தடை செய்தது யாவருக்கும் தெரியும். மலிவான சாயத்துக்கு ஆசைப்படும் வியாபாரி பஞ்சுமிட்டாயோடு நின்றுவிடுவான் என்று எண்ண இடமில்லை.

இனிப்பைப் பற்றிய உண்மை இன்னும் சங்கடமானது. பழைய குச்சி ஐஸ்களிற் பலவற்றில் இருந்தது சர்க்கரை அன்று, சாக்கரின். 1879-இல் நிலக்கரித் தாரிலிருந்து கண்டெடுக்கப்பட்ட அந்தப் பொருள் சர்க்கரையைவிட ஏறக்குறைய முந்நூறு மடங்கு தித்திப்பது; ஒரு சிட்டிகை போதும். மலிவு மாத்திரம் அதன் கவர்ச்சி அன்று. சர்க்கரை சேர்ந்த நீர் உறையத் தாமதமாகும், மெத்தென்று இருக்கும், வெயிலில் சீக்கிரம் இளகும்; சாக்கரின் நீர் கல்லாக உறையும், பெட்டியில் நெடுநேரம் நிற்கும். மத்தியானம் வரை சைக்கிள் மிதித்துக் கடைசி ஊரையும் எட்ட வேண்டிய ஐஸ்காரருக்கு அது எவ்வளவு அனுகூலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தின்று முடித்தபின் நாக்கின் அடியில் ஒரு கசப்பு, ஒரு தகர வாசனை நிற்குமே, அது சாக்கரினின் கையெழுத்து. ‘அந்தப் பழைய ருசி இப்பொழுது வருவதில்லை’ என்று வருந்துகிறவர்கள் வருந்துவது ஓரளவு அந்தக் கசப்புக்காகத்தான் என்பதை அவர்களிடம் சொல்ல நேரும்போது எனக்கு மனம் கஷ்டப்படுகிறது; ஆயினும் சொல்லியே ஆகவேண்டும். அந்த ருசி திரும்பி வர வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டின் உணவுத் தர விதிகள், குச்சி ஐஸில் நூற்றுக்குப் பத்துக்குக் குறையாமல் சர்க்கரை இருக்க வேண்டும், செயற்கை இனிப்பு கூடாது என்கின்றன. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மந்தமாகவே தெரியும் என்பதால், அந்த அளவு சர்க்கரை அப்படியொன்றும் திகட்டுவதில்லை.

மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு: நல்ல பாலில் செய்த ஐஸ்கிரீம் மூலைக்கடையிலும் கிடைக்கும் காலத்தில் இந்தத் தண்ணீர் ஐஸ் எதற்கு, அதன் காலம் முடிந்தது என்பார்கள். இவர்கள் ஒரு சரித்திரத்தை மறந்துவிடுகிறார்கள். திருத்தங்கலில் பிறந்த ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் 13,000 ரூபாய் முதலோடு சென்னை இராயபுரத்தில் ஆரம்பித்ததும், தள்ளுவண்டிகளில் விற்றதும் குச்சி ஐஸ்தான். அதிலிருந்தே அருண் ஐஸ்கிரீம் என்ற பெரிய வியாபாரம் வளர்ந்தது. ஆனாலும் பிள்ளை தலையெடுத்தான் என்பதற்காகத் தாயை விலக்கிவிடுவதில்லை. ஐஸ்கிரீம் கொழுப்பும் பாலும் காற்றும் சேர்ந்த ஆகாரம். விருந்தின் முடிவில் தின்பது. குச்சி ஐஸ் தாகத்துக்கானது. நடு வெயிலில் தின்பது. கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீம் வைக்கிறார்கள். சிறாவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில், தை மாதத்து வெயிலானாலும், புழுதியில் நின்று மாடு பார்க்கிறவனுடைய கை தேடுவது குச்சி ஐஸைத்தான். பிளாஸ்டிக் குழாயில் அடைத்து ‘பெப்சி’ என்று பிள்ளைகள் பெயரிட்ட ஐஸும் இடையில் வந்தது. பல்லால் முனையைக் கடித்துத் துப்பி உறிஞ்சும் அந்தப் பண்டத்தில் எனக்கு ருசி ஏற்படவில்லை, அதன் தாள்கள் ஊருணிக் கரையில் கிடப்பதைப் பார்த்தபின் மதிப்பும் ஏற்படவில்லை.

ஆகவே இந்த அபிமானத்தை நியாயமான அபிமானம் என்றே நான் தீர்ப்புச் சொல்லுவேன். பாதுஷாக்களின் போகமாக இருந்த ஒன்றை, எட்டு வயதுப் பிள்ளை தன் காசுக்குத் தானே வாங்கும்படி வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பண்டம் வேறு இல்லை. அதன் குறைகள் தண்ணீரிலும் சாயத்திலும் இனிப்பிலும் இருந்தனவே தவிர, குச்சியிலும் குளிர்ச்சியிலும் இருக்கவில்லை. அந்தக் குறைகள் தீர்க்கக் கூடியவை. காய்ச்சியோ வடிகட்டியோ சுத்தம் செய்த தண்ணீர், அனுமதிக்கப்பட்ட நிறம், அசல் சர்க்கரை என்ற மூன்றும் ஐஸ் பாக்டரிக்காரரைப் பாப்பராக்கிவிடா. சிறு வியாபாரிகள் சிறு கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ள அதே 2011-ஆம் ஆண்டில் வந்த பதிவு விதிகள் இடம் வைத்திருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், மாளிகைகளின் தூணுக்கும் கதவுக்கும் இன்று பாதுகாவலர்கள் ஏற்பட்டிருக்கிறார்கள். அந்தக் கதவுகளுக்கு வெளியே வெயிலில் நின்று மூடியைத் தட்டிய மனிதரின் தொழிலுக்கு அந்தத் தெருவில் வளர்ந்த நாம்தான் பாதுகாவலர்.

மாசி பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் பார்க்க வரும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்து நிற்கும் ஐஸ்காரரிடம், எந்தத் தண்ணீர், என்ன இனிப்பு, பதிவு செய்திருக்கிறதா என்று மரியாதையாக ஒரு வார்த்தை விசாரியுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், உங்களோடு வந்த குழந்தையின் கையில் காசைக் கொடுத்து, நிறத்தை அதுவே தேர்ந்து, அதுவே கேட்டு வாங்கும்படி விட்டுவிட்டு, நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.